கைமாறும் நூல்கள்: கிறிஸ்தவ வாசகரும் அவர்தம் பரிந்துரைகளும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் கிறிஸ்தவ இலக்கியம் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். இலக்கியம் படைத்தவர்களைப் பற்றி இந்த மேடையில் முன்பே பலர் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நான் வாசித்தவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களிலும், வாசித்து முடித்த நூலைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் இன்னொருவர் கையில் கொடுத்தவர்களைப் பற்றி. அவர்களில் பலருக்கு வரலாற்றில் பெயர்கூட இல்லை. ஆனால் கிறிஸ்தவ வரலாற்றின் பெரிய திருப்பங்களை எடுத்துப் பாருங்கள்: “இதை வாசித்துப் பாருங்கள்” என்று யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் சொல்லியிருப்பார்.

இந்தப் பழக்கம் திருச்சபையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் பவுல் ஓர் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறார்: இந்த நிருபம் உங்களிடத்தில் வாசிக்கப்பட்டபின் லவோதிக்கேயாவிலும் வாசிக்கப்படட்டும், அங்கிருந்து வருவதை நீங்களும் வாசியுங்கள் என்பது அதன் கருத்து. இரண்டும் அக்கம்பக்கத்து ஊர்கள். இரண்டு சபைகள் தங்களுக்குள் எழுத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அப்போஸ்தலன் கட்டளையே கொடுக்கிறார். காவலில் இருந்தபோது தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கேட்கிறார், அதோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கேட்கிறார். குளிருக்கு ஆடை கேட்ட அதே மூச்சில் வாசிக்க நூல் கேட்டவருடைய சபை நாம்.

இனி நான் சொல்லப்போவது தரங்கம்பாடியில் தொடங்கி இங்கிலாந்தில் முடியும் ஒரு நிகழ்ச்சி. நம் பாடப்புத்தகங்களில் இது வருவதில்லை. வரவேண்டும் என்பது என் விருப்பம்.

1706 ஜூலையில் பர்த்தொலொமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சாவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய இளைஞர்கள் அவர்கள். இங்கிருந்து அவர்கள் எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவுக்குப் போயின. தமிழ் மக்களின் பழக்கவழக்கம், திண்ணையில் நடந்த வாதம், பள்ளிக்கு வந்த பிள்ளைகள், கம்பெனி அதிகாரிகளால் பட்ட தொல்லை எல்லாம் அவற்றில் உண்டு. இலண்டனில் அரச குடும்பத்துக் குருவாக இருந்த அன்டன் வில்ஹெல்ம் பூமே அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1709-இல் அவை சிறு நூலாக அச்சாயின.

அந்த நூலின் ஒரு பிரதி லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்னும் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவரின் வீடு இருந்தது. கடன்பட்ட குடும்பம், நிறையப் பிள்ளைகள். 1709 பிப்ரவரியில் அந்த வீடு தீப்பற்றி எரிந்து, அவருடைய நூல்களும் கையெழுத்துத் தாள்களும் சாம்பலாயின. அப்படி எல்லாம் போன வீட்டில் மறுபடி சிறுகச் சிறுகச் சேர்ந்த புத்தகங்களுக்குள் தரங்கம்பாடிக் கடிதங்கள் இருந்தன. மூத்த மகள் எமிலியா அதைத் தந்தையின் படிப்பறையில் கண்டெடுத்துத் தாய் சூசன்னாவிடம் கொண்டுவந்தாள்.

தந்தை அப்போது வீட்டில் இல்லை; இலண்டனில் சபைக் குருமார் பேரவைக்குப் போயிருந்தார். நூலை வாசிக்கக் கேட்ட சூசன்னா பல நாள் வேறு எதையும் நினைக்கவோ பேசவோ முடியாமல் இருந்ததாக 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். தாம் ஆணும் அல்ல, குருவும் அல்ல. ஆனாலும் தம் பொறுப்பில் இருக்கும் ஆத்துமாக்களுக்கு இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. முதலில் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஆளுக்கு ஒரு மாலை ஒதுக்கினார். அந்தப் பிள்ளையை மட்டும் தனியே உட்காரவைத்துப் பேசுவார். வியாழக்கிழமை மாலை ஜாக்கியின் முறை. ஜாக்கிக்கு அப்போது எட்டு வயது. அவரைத்தான் உலகம் பின்னாளில் ஜான் வெஸ்லி என்று அறிந்தது.

ஞாயிறு மாலைகளில் வீட்டு அடுக்களையில் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் கூட்டி ஜெபம் செய்து, அச்சான பிரசங்கங்களை உரக்க வாசித்தார். வேலைக்காரப் பையன் தன் வீட்டில் போய்ச் சொன்னான். அவன் பெற்றோர் வந்தார்கள். அவர்கள் சொல்லிக் கேட்ட அயலார் வந்தார்கள். முப்பது, நாற்பது என்று கூடிக் கடைசியில் இருநூறு பேரைத் தாண்டியது. நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. உதவிக் குருவுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பெண் சபை கூட்டுகிறாள் என்று இலண்டனுக்குப் புகார் எழுதினார். நிறுத்திவிடும்படி கணவர் எழுதியபோது சூசன்னா அனுப்பிய பதில் புகழ்பெற்றது. உங்கள் விருப்பம் என்று சொல்லாதீர்கள், கட்டளையாகச் சொல்லுங்கள். அப்போதுதான் கிறிஸ்துவின் நியாயாசனத்தின் முன் இந்தப் பொறுப்பு என் தலையில் இராது என்னும் பொருள்பட எழுதினார். கூட்டம் நடந்தது.

இதைச் சற்று நின்று யோசியுங்கள். தரங்கம்பாடிப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய கடிதம் ஓர் ஆங்கிலத் தாயை எழுப்பியது. அவர் தம் பிள்ளைகளிடம் தனித்தனியே உட்காரத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளில் இருவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இதில் சூசன்னாவின் பெயர் நமக்குத் தெரியும். நூலைத் தேடியெடுத்துத் தாய் கையில் கொடுத்த எமிலியாவை யாரும் நினைப்பதில்லை. எமிலியாவின் அந்தச் செயலைத்தான் நான் பரிந்துரை என்கிறேன். ஊரெல்லாம் படிக்கட்டும் என்று அவள் பட்டியல் போடவில்லை. இந்த நூல் இன்னாருக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கொடுத்துவிட்டுப் பக்கத்திலும் இருந்தாள்.

ஜான் வெஸ்லி இதை மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1749 முதல் 1755 வரை ஐம்பது தொகுதிகளாக ஒரு கிறிஸ்தவ நூல்வரிசையை அவர் வெளியிட்டார். பல சபைப் பிரிவினரின் எழுத்துகளைச் சுருக்கி அதில் சேர்த்தார். தம் பிரசங்கிமார் குதிரைச் சேணப் பைகளில் நூல்களைச் சுமந்துபோய்ச் சபைதோறும் சேர்க்க வேண்டும் என்று வைத்தார். எனக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று சொன்ன ஊழியர்களுக்கு, நாட்டத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய தொழிலுக்கே போய்விடுங்கள் என்ற கருத்தில் கண்டிப்பாகப் பதில் சொன்னார். நம்முடைய இறையியல் கல்லூரிகளின் வாசலில் எழுதிவைக்கத்தக்க பதில்.

தரங்கம்பாடிக்குத் திரும்புகிறேன். கடிதம் எழுதிய அதே சீகன்பால்கு வாசகராகவும் நமக்கு முன்மாதிரி. வந்து இரண்டே ஆண்டில், 1708-இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தமிழ்ச் சமய நூல்களும் இலக்கியங்களுமாக 119 நூல்கள் அதில் இருக்கின்றன. அவற்றோடு கத்தோலிக்க நூல்களுக்கும் இசுலாமிய நூல்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் நூல் எதைப் பற்றியது, எழுதியவர் யார், மக்கள் அதை எப்படி மதிக்கிறார்கள், தமக்கு எப்படிப்பட்டது என்று குறிப்பு எழுதியிருக்கிறார். சுவடி தேடிப் பல நாள் வழி உள்நாட்டுக்கு ஆள் அனுப்பினார். முதிய வாத்தியார் ஒருவரின் துணையோடு நாள்தோறும் ஓலைகளை வாசிக்கக் கேட்டார். கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இந்தப் பட்டியலில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, அவர் கத்தோலிக்க நூல்களை ஒதுக்கவில்லை. அக்காலத்தில் லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இருந்த பகை இன்றைய அளவுகோலுக்குள் அடங்காது. ஆனாலும் தமக்கு முன் வந்த இயேசு சபையார் தமிழில் ஆக்கிவைத்த கிறிஸ்தவச் சொற்களை அவர்களுடைய ஓலைகளிலிருந்தே கற்றுக்கொண்டு எடுத்தாண்டார். மற்றொன்று, அவர் தமிழரின் நூல்களைத் தம் மேலதிகாரிகளுக்குப் பரிந்துரைத்தார். அவர்கள் ஏற்கவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். அது சென்னையில் 1867-இல்தான் அச்சேறியது. பரிந்துரைத்த நூலைப் பெற்றவர் அலமாரியில் பூட்டிவைப்பதும் உண்டு. அதற்காகக் கொடுப்பதை நிறுத்தலாகாது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தாவது ஒருவர் திறக்கிறார்.

இன்னும் பழைய சங்கிலி ஒன்று இருக்கிறது. 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய ஒரு வீரனை லொயோலாவில் இருந்த அவன் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். படுக்கையில் பொழுதுபோக வீரதீரக் காதல் கதைகள் வேண்டும் என்று கேட்டான். அந்த வீட்டில் அப்படி ஒரு நூலும் இல்லை. இருந்தவை இரண்டு: சாக்சனி நாட்டு லுடோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வரலாறு ஒன்று, ‘புளோஸ் சாங்தோரும்’ எனப்பட்ட புனிதர் வரலாறு மற்றொன்று. அண்ணி கொடுத்தார் என்பார்கள். வேறு வழியின்றி வாசிக்கத் தொடங்கியவன் பிறகு அவற்றிலிருந்து பிடித்த இடங்களை ஒரு பெரிய ஏட்டில் பார்த்து எழுதினான். கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையிலும் மரியாளின் சொற்களை நீல மையிலும் எழுதி, முன்னூறு பக்கம் அளவுக்கு நிரப்பினான். அந்த வீரன்தான் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார்.

அவர் சபையைச் சேர்ந்த அண்ட்ரிக் அடிகளார் 1546-இல் இந்தியாவுக்கு வந்தார். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இதை எல்லோரும் சொல்கிறோம். எட்டு ஆண்டு கழித்து 1586-இல் அவர் வெளியிட்ட பெருநூலைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ அது. அதன் பெயரே ‘புளோஸ் சாங்தோரும்’. லொயோலாவின் நோயாளிக்கு வாசிக்கக் கிடைத்த வகை நூல் எதுவோ, அதே வகை நூல் அறுபத்தைந்து ஆண்டில் புன்னைக்காயல் கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழில் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. தம் சபையின் தந்தையைத் திருப்பிய நூலைத் தம் மக்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அடிகளார் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். அந்த நூலின் ஒரு பிரதி வத்திக்கான் நூலகத்தில் தப்பியிருந்தது. இராசமாணிக்கம் அடிகளார் அதை 1967-இல் தூத்துக்குடியில் பதிப்பித்தார். இன்று முத்துக்குளித்துறைப் பங்குகளில் எத்தனை வீடுகளில் அது இருக்கும்?

சீர்திருத்த சபையார் பக்கம் இதற்கு இணையான சங்கிலி பனியன் வழியாக வருகிறது. பெட்போர்டு ஊர்ப் பாத்திரப் பட்டறைக்காரர் ஜான் பனியன் மணம் முடித்தபோது இருவரிடமும் ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்திநூல்கள், அவள் தகப்பன் விட்டுச்சென்றவை. அந்தப் பெண்ணின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இருவரும் சேர்ந்து அவற்றை வாசித்தார்கள். பிறகு லுத்தரின் கலாத்தியர் உரை ஒன்று, தொட்டால் உதிரும் அளவுக்குப் பழையது, பனியன் கைக்கு வந்தது. வேதாகமத்துக்கு அடுத்தபடி அதையே வைத்தார். பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்த அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ 1678-இல் வெளிவந்தது.

அது தமிழில் என்ன ஆயிற்று என்பது நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை கம்பராமாயணத்தில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழாசிரியர். அவர் 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முன்பே கிறிஸ்தவரான நண்பர் தனக்கோடி ராஜுவும் தம்பி முத்தையாபிள்ளையும் அவரோடு இடைவிடாமல் பேசிவந்தார்கள். பனியனின் கதையைக் கம்பனின் நடையில் பாட எடுத்துக்கொண்ட அவர், பனியனில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளையும் அதற்குள் சேர்த்தார். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பிறந்தது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அது வெளிவந்த விதம். 1894-இல் நூலாவதற்கு முன் அது ‘நற்போதகம்’ மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்தது. 3,700 பாடல்களுக்கு மேற்பட்ட காப்பியத்தை ஒரு திருச்சபை இதழ் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தன் வாசகருக்குக் கொடுத்திருக்கிறது. உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் சந்தாதாரராக இருந்து வாங்கும் இதழ் அது. விருத்தப்பாவைப் பதின்மூன்று ஆண்டுகள் போட்டால் யார் படிப்பார்கள் என்று அந்த ஆசிரியர் குழு கேட்கவில்லை. தம் சபையார் படிப்பார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை இன்றைய சபை இதழ்களில் எனக்குத் தென்படவில்லை. விழாப் படங்களும் நியமன அறிவிப்புகளும் போக மிஞ்சும் இடத்தில் ஒரு நூலைப் பற்றி அரைப் பக்கம் வருவதும் அரிதாகிவிட்டது.

நம் காலத்துக்கு வருவோம். கிறிஸ்தவர் வாசிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வது நியாயமல்ல. காலையில் தினதியானம் வாசிக்காமல் காப்பி குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையை ஆண்டுக்காண்டு விடாமல் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. வாசித்ததை ஒருவருக்கொருவர் பேசும் பழக்கம் அருகிவிட்டது. ஆராதனை முடிந்து மரத்தடியில் நிற்கும்போது பிள்ளைகளின் மதிப்பெண் பேசுகிறோம், சேகரத் தேர்தல் பேசுகிறோம். “இப்ப என்ன படிச்சிட்டு இருக்கீங்க?” என்று யாரும் கேட்பதில்லை. வாட்ஸாப்பில் வரும் பிடிஎப் கோப்புகளுக்குக் குறைவில்லை. அனுப்புகிறவர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

நெல்லைப் பக்கம் ஒரு கன்வென்ஷனில் கண்டதைச் சொல்கிறேன். பந்தலுக்கு வெளியே டியூப்லைட் கட்டி இரண்டு மேசை போட்ட புத்தகக் கடை. முன்வரிசையில் கீர்த்தனைப் புத்தகம், வாக்குத்தத்த வசன அட்டை, காலண்டர், ஜிப் வைத்த வேதாகம உறை. பின்வரிசையில்தான் நூல்கள். கூட்டம் இடைவேளையில் மொய்த்தது. பெரும்பாலோர் முன்வரிசையோடு போய்விட்டார்கள். ஓர் அம்மா மட்டும் நின்று, “ஐயா, மவ பத்தாப்பு முடிச்சிருக்கா. அவளுக்கு என்ன பொஸ்தகம் குடுக்கலாம்?” என்று கேட்டார். கடைக்காரர் உடனே எடுத்து நீட்டிவிடவில்லை. “கதை மாதிரி இருந்தா படிப்பாளாம்மா? என்ன ஆகணும்னு சொல்லுதா?” என்று கேட்டார். நர்ஸ் ஆகவேண்டும் என்கிறாள் என்றதும் பின்வரிசையில் குனிந்து, வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தார். இரண்டு மூன்று பக்கம் புரட்டி, “இந்த எடத்தில இருந்து படிக்கச் சொல்லுங்க, ஒரே ராத்திரியில மூணு வீட்டுல பிரசவம் பாக்க ஆள் கூப்பிட்டு வர்ற எடம். அப்புறம் முதல்ல இருந்து அவளே படிப்பா” என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு, “அடுத்த வருசம் வரும்போது அவளையும் கூட்டிட்டு வாங்க, எப்படி இருந்துச்சின்னு கேக்கணும்” என்றார்.

ஒரு பரிந்துரைக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருந்தது. தாம் அந்த நூலை வாசித்திருந்தார். வாசிக்கப் போகிறவளைப் பற்றிக் கேட்டறிந்தார். எங்கே தொடங்கினால் பிடிக்கும் என்று காட்டிக்கொடுத்தார். திரும்பி வந்து சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார். இறையியல் பட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

சரி, என்ன பரிந்துரைப்பது? இங்கே நம்மிடம் இரண்டு சுவர்கள் இருக்கின்றன. இரண்டையும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன்.

முதல் சுவர் சபைப் பிரிவு. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 1726-இல் முடிந்தது. 3,615 பாடல்கள். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அந்தக் காப்பியத்தைச் சிஎஸ்ஐ சபைகளில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை; அது கத்தோலிக்கர் நூலாம். ‘இரட்சணிய யாத்திரிகம்’ கத்தோலிக்கப் பங்குகளுக்கு எட்டாத நூல். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்; அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வந்த தமிழின் முதல் நாவல். அவரே சர்வசமய சமரசக் கீர்த்தனைகளும் பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் லுத்தரன் மரபில் வந்தவர். அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’ தமிழ்ச் சிற்றிலக்கியத்தின் சொத்து. ஒரு வேதநாயகத்தை ஒரு சபையும் மற்றவரை மற்றொரு சபையும் வைத்துக்கொண்டு, அடுத்தவருடையதைத் தொடாமலே பல தலைமுறை போய்விட்டது. 1708-இல் சீகன்பால்கு தாண்டிய சுவரை நாம் மறுபடி கட்டிவைத்திருக்கிறோம். இது பெரிய இழப்பு.

இரண்டாவது சுவர் பக்திநூல், உலகநூல் என்ற பிரிவினை. நல்ல நாவல்களைச் சபையில் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964-இல் வந்தது. தென்கோடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், பெரிய வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். கோயிலுக்குப் போகும் வீட்டுக்குள் அந்தஸ்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த அம்மையார் குரலை உயர்த்தாமல் எழுதியிருக்கிறார். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து வெளியே வந்த தலித் பெண் ஒருவரின் சொந்த வாழ்க்கை. திருச்சபைக்குள் சாதி என்ன செய்கிறது என்று அறிய அதைவிட நேரான நூல் தமிழில் எனக்குத் தெரியாது. அதைப் பங்குப் பேரவையிலும் சேகரக் கமிட்டியிலும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மனம் நோகும், நோகட்டும். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இல் வந்தது. அண்ட்ரிக் அடிகளார் எழுதிக்கொடுத்த அதே கடற்கரை மக்களின் வாழ்வு, நானூறு ஆண்டு கழித்து அவர்களில் ஒருவர் கையாலேயே எழுதப்பட்டது. ‘அடியார் வரலா’ற்றையும் இதையும் அடுத்தடுத்து வாசிக்கக் கொடுத்துவைத்தவர்கள் தமிழ் வாசகர்கள்.

தஸ்தயேவ்ஸ்கியைச் சேர்க்காமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1850 தொடக்கத்தில் கால்விலங்கோடு சைபீரியாவுக்குப் போகும் வழியில் தொபோல்ஸ்க் நகரில் சில பெண்கள் அவரைப் பார்த்தார்கள். முன்பே நாடுகடத்தப்பட்ட அரசியல் கைதிகளின் மனைவியர். அவர் கையில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். அட்டைக்குள் கொஞ்சம் பணத்தையும் ஒளித்துவைத்திருந்தார்கள். ஓம்ஸ்க் சிறையின் நான்கு ஆண்டும் அது அவரோடு இருந்தது. 1881-இல் சாகும்வரை இருந்தது. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் சோனியா லாசருவின் கதையைக் கொலைகாரனுக்கு வாசித்துக்காட்டும் அத்தியாயம் அந்தப் பிரதியிலிருந்து பிறந்தது என்றே கொள்கிறேன். எம்.ஏ. சுசீலா அவர்களின் நல்ல மொழிபெயர்ப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. வாலிபர் ஐக்கியத்தில் அந்த ஓர் அத்தியாயத்தை உரக்க வாசித்துப் பாருங்கள். யோவான் பதினோராம் அதிகாரத்தைப் பிறகு அவர்கள் வாசிக்கும் விதமே மாறும்.

இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு: எல்லாம் ஒரு தேடலில் கிடைக்கும்போது ஆள் எதற்குப் பரிந்துரைக்க? கிடைப்பது நூல். எமிலியாவும் பனியனின் மனைவியும் புத்தகக் கடைக்காரரும் கொடுத்தது நூலோடு சேர்ந்த அக்கறை. உன்னை எனக்குத் தெரியும், உனக்கு இது வேண்டும், நீ வாசித்துவிட்டு வந்து சொல்வதைக் கேட்க நான் இருக்கிறேன் என்ற உறுதி. ஐக்கியம் என்று நாம் சொல்வதில் இதுவும் ஒரு பங்கு என்று நான் மனதார நம்புகிறேன்.

நிறைவாகச் சில விண்ணப்பங்கள். குருவானவர்களுக்கு: மாதத்தில் ஒரு ஞாயிறு, அறிவிப்புகளின்போது, நீங்கள் அந்த மாதம் உண்மையிலேயே வாசித்த ஒரு நூலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள். ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்களுக்கு: பரிசாக எவர்சில்வர் டம்ளர் கொடுப்பதை விட்டுவிட்டு அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்ற புத்தகம் கொடுங்கள், முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு: ‘புத்தம் வீ’ட்டிலிருந்து தொடங்குங்கள். சபை இதழ் ஆசிரியர்களுக்கு: கிருஷ்ணபிள்ளைக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இன்று எழுதுகிறவர்களுக்குக் கொடுங்கள்.

அறக்கட்டளைக் குழுவினருக்குத் தனியாக ஒன்று. இந்தச் சொற்பொழிவுக்கு ஆண்டுதோறும் வைப்புநிதியின் வட்டி வருகிறது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, ‘தேம்பாவணி’யிலும் ‘இரட்சணிய யாத்திரிக’த்திலும் தேர்ந்த பாடல்களை எளிய உரையோடு ஒரே நூலாக, மாணவர் வாங்கக்கூடிய விலையில், கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து பதிப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். உரை எழுதும் பணியில் என் பங்கைக் கூலியின்றிச் செய்து தருகிறேன். அடுத்த ஆண்டு இந்த அரங்கில் பேச வருகிறவர் அந்த நூலை உங்கள் கையில் கொடுத்துத் தொடங்கட்டும்.